மூடிய வேனுக்குள் டிரை ஐஸ்: கரியமில வாயு எப்போது உயிருக்கு ஆபத்தாகிறது?

கேள்வி: ஐயா, ஈரோட்டில் திருமண மேடை அலங்காரத் தொழில் செய்து வருகிறேன். மணமக்கள் மேடையேறும்போது புகை எழுப்புவதற்காகக் கோயம்புத்தூரிலிருந்து டிரை ஐஸ் வாங்கி வருவது வழக்கம். சென்ற மாதம் 30 கிலோ டிரை ஐஸைத் தெர்மாகோல் பெட்டிகளில் போட்டு, மூடிய வேனின் பின்பகுதியில் வைத்துக்கொண்டு, வெயில் கடுமையாக இருந்ததால் கண்ணாடிகளை ஏற்றிவிட்டு ஏசி போட்டு வந்தோம். ஒரு மணி நேரத்தில், வண்டி ஓட்டிய என் மைத்துனருக்குத் தலை வலித்தது, மூச்சு வாங்கியது. பின்னால் பெட்டிகளுக்குப் பக்கத்தில் படுத்திருந்த உதவியாளப் பையன் பலமுறை உலுக்கிய பிறகுதான் எழுந்தான். இறங்கிக் காற்றாட நின்றதும் இருவருக்கும் சரியாகிவிட்டது. “டிரை ஐஸ் என்பது நாம் மூச்சில் விடும் கரியமில வாயுதானே, அது என்ன செய்யும், டீசல் புகையாக இருக்கும்” என்கிறார்கள். உண்மை என்ன? மேடைப் புகையில் குழந்தைகள் விளையாடுவதால் தீங்கு உண்டா? தினமும் சோடா குடிக்கும் எனக்கு அந்த வாயுவே எலும்பை அரித்துவிடும் என்று அம்மா சொல்வது சரியா? ஊரில் எங்கள் உறைகிணற்றை அடுத்த மாதம் தூர்வாரப் போகிறோம். விளக்கை இறக்கிப் பார்த்து, அணையாவிட்டால் ஆள் இறங்கலாம் என்கிறார் அப்பா. அது போதுமா?

பதில்: முதலில் ஒரு வேண்டுகோள். இந்தப் பதிலைப் படித்து முடிக்கும் வரை அந்த வேனில் டிரை ஐஸ் ஏற்றாதீர்கள். தலைவலி, மூச்சு வாங்குதல், உலுக்கியும் எளிதில் கலையாத உறக்கம், காற்றாட நின்ற சில நிமிடங்களில் தெளிவு ஆகிய நான்கும் சேர்ந்து வந்திருப்பதைப் பார்க்கும்போது, அது பெரும்பாலும் கரியமில வாயுவின் விளைவு என்றே சொல்வேன். உங்கள் மைத்துனர் தலைவலியைப் பொறுத்துக்கொண்டு இன்னும் அரை மணி நேரம் ஓட்டியிருந்தால், நீங்கள் எனக்கு வேறு விதமான கடிதம் எழுத நேர்ந்திருக்கும். அந்தப் பையன் அதிகம் பாதிக்கப்பட்டதற்கும் காரணம் இருக்கிறது. அவன் பெட்டிகளை ஒட்டி, வண்டியின் தரை மட்டத்தில் படுத்திருந்தான்.

டீசல் புகை என்ற சந்தேகத்தையும் ஒதுக்கிவிட வேண்டாம். புகைக்குழாயில் கசிவு இருந்தால் கார்பன் மோனாக்சைடு உள்ளே வரக்கூடும். அதுவும் தலைவலியும் மயக்கமும் தரும். ஆனால் கார்பன் மோனாக்சைடு வேறு, கரியமில வாயுவாகிய கார்பன் டை ஆக்சைடு வேறு. முன்னது இரத்தத்தின் ஹீமோகுளோபினைப் பற்றிக்கொண்டு ஆக்சிஜனுக்கு இடமில்லாமல் செய்வது. அது பொதுவாகத் தொடக்கத்தில் மூச்சிரைப்பைத் தருவதில்லை. பின்னதோ முதல் வேலையாக மூச்சைத்தான் வேகப்படுத்தும். உங்கள் மைத்துனருக்கு மூச்சு வாங்கியது என்ற ஒரு குறிப்புதான் என் எண்ணத்தை உறுதிப்படுத்தியது. இருந்தாலும் மெக்கானிக்கிடம் வண்டியை ஒருமுறை காட்டிவிடுங்கள்.

“நாம் மூச்சில் விடுவதுதானே” என்ற பேச்சைப் பயிற்சி வகுப்புகளில் ஒவ்வொரு முறையும் கேட்கிறேன். உடல் அதை வெளியே தள்ளுவது, உள்ளே தங்கக் கூடாது என்பதனால்தான். நாம் வெளிவிடும் மூச்சில் அது ஏறத்தாழ 4 விழுக்காடு இருக்கிறது. நாம் உள்ளிழுக்கும் வெளிக்காற்றில் 0.04 விழுக்காட்டுக்குச் சற்று மேல். இந்த நூறு மடங்கு வேறுபாடு இருப்பதால்தான் இரத்தத்திலிருந்து அது நுரையீரல் வழியாக எளிதாக வெளியேறுகிறது. சுற்றியுள்ள காற்றிலேயே 4, 5 விழுக்காடு நிறைந்துவிட்டால், வெளியேற வேண்டியது வெளியேற வழியில்லாமல் இரத்தத்திலேயே தேங்கத் தொடங்கும்.

‘கரியமில வாயு’ என்ற பெயரைப் பிரித்துப் படித்தால் அதன் குணம் அதிலேயே இருக்கிறது. அது ‘கரி அமில வாயு’. நீரில் கரைந்தால் அமிலமாகும் கரி வாயு. இரத்தத்தில் நடப்பதும் அதுதான். அங்கே கரைந்து கார்பானிக் அமிலமாகி, இரத்தத்தின் அமிலத்தன்மையைக் கூட்டுகிறது. மூளையின் அடிப்பகுதியான முகுளத்தில் இதைக் கண்காணிக்கும் உணர்விகள் உள்ளன. நீங்கள் மூச்சை அடக்கிக்கொண்டு ஒரு நிமிடம் உட்கார்ந்து பாருங்கள்; நெஞ்சில் எழும் அந்தத் தாங்க முடியாத தவிப்பு ஆக்சிஜன் தீர்ந்ததால் வருவதன்று, கரியமில வாயு சேர்ந்ததால் வருவது. அதே தவிப்பைத்தான் வேனுக்குள் உங்கள் மைத்துனர் மூச்சிரைப்பாக உணர்ந்தார். மூளையின் இரத்தக் குழாய்களை விரியச் செய்வதும் இந்த வாயுவின் இயல்பு. நெற்றிப்பொட்டு விண்விண்ணென்று தெறிக்கும் தலைவலி அதனால் வருகிறது.

ஆகவே, “ஆக்சிஜன் இருக்கிற வரைக்கும் பயமில்லை” என்ற எண்ணத்தை அடியோடு விட்டுவிடுங்கள். இதுவே நான் உங்களுக்குச் சொல்ல விரும்பும் முதன்மையான செய்தி. கரியமில வாயு ஆக்சிஜனை விரட்டுவதால் மட்டும் கொல்வதில்லை. ஆக்சிஜன் போதுமான அளவு இருக்கும்போதே தானாகவும் கொல்லும். ஒரு கணக்கைப் பாருங்கள். சாதாரணக் காற்றில் ஆக்சிஜன் 20.9 விழுக்காடு. ஒரு மூடிய அறையில் கரியமில வாயு 5 விழுக்காடு சேர்ந்தால், ஆக்சிஜன் ஏறத்தாழ 19.9 விழுக்காட்டுக்கு மட்டுமே இறங்கும். தொழிற்சாலைகளில் நாம் பயன்படுத்தும் ஆக்சிஜன் மானிகள் 19.5-க்குக் கீழே இறங்கினால்தான் அலறும். அதாவது அந்த அறையில் கருவி மௌனமாக இருக்கும், உள்ளே இருப்பவருக்குக் கடும் மூச்சிரைப்பும் தலைவலியும் குழப்பமும் வந்திருக்கும். 10 விழுக்காடு சேர்ந்தாலும் ஆக்சிஜன் 18.8 இருக்கும், ஒரு மனிதர் உயிர்வாழ அந்த அளவு போதும். ஆனால் 10 விழுக்காடு கரியமில வாயுவில் சில நிமிடங்களில் நினைவு தப்பிவிடும். அதற்கும் மேலே போனால் வலிப்பு, மூச்சு அடங்குதல், மரணம். 30 விழுக்காட்டை நெருங்கினால் ஓரிரு மூச்சிலேயே ஆள் சரிந்துவிடுவார், தவிப்பை உணரக்கூட நேரம் இருக்காது.

சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் சேர்த்தே வைத்துக்கொள்ளுங்கள். நம் நாட்டின் தொழில் பாதுகாப்புச் சட்ட அட்டவணைப்படி, எட்டு மணி நேர வேலைக்குச் சராசரியாகப் பத்து லட்சத்தில் 5,000 பங்கு, அதாவது 0.5 விழுக்காடு வரைதான் பணியிடக் காற்றில் இது இருக்கலாம். அமெரிக்காவின் நியோஷ் என்ற தொழில்நல ஆய்வு நிறுவனம், 4 விழுக்காட்டையே உயிருக்கு உடனடி ஆபத்தான அளவு என்று வரையறுத்திருக்கிறது.

இனி உங்கள் வேனுக்கு வருவோம். டிரை ஐஸ் என்பது திண்மமாக்கப்பட்ட கரியமில வாயு. சாதாரண அழுத்தத்தில் அது உருகி நீர்மமாவதே இல்லை, மைனஸ் 78.5 டிகிரி செல்சியஸில் திண்மத்திலிருந்து நேராக வாயுவாகிறது. அப்படி ஆகும்போது ஒரு கிலோ டிரை ஐஸ் 500 லிட்டருக்கும் அதிகமான வாயுவைத் தருகிறது. உங்கள் வேனின் உட்புறக் கொள்ளளவை 5,000 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். தெர்மாகோல் பெட்டி வெயிலை முழுவதும் தடுப்பதில்லை. மூடி சரியாகப் பொருந்தாத பெட்டிகளிலிருந்து ஒரு மணி நேரத்தில் மொத்தமாக அரைக் கிலோ ஆவியாகியிருந்தால், 270 லிட்டர் வாயு வண்டிக்குள் வந்திருக்கும். கண்ணாடிகள் ஏற்றப்பட்டு, ஏசியும் உள்காற்றையே சுழற்றும் நிலையில் இருந்திருந்தால், அது 5 விழுக்காடு. வண்டியின் இடுக்குகள் வழியே கொஞ்சம் வெளியேறியிருக்கும் என்று கழித்துக்கொண்டாலும், தலைவலிக்கும் மூச்சிரைப்புக்கும் தேவையானது உள்ளே இருந்தது. அரைக் கிலோவுக்கே இந்தக் கணக்கு. நீங்கள் ஏற்றியிருந்தது 30 கிலோ. விமானத்தில் ஒரு பயணி தன்னுடன் எடுத்துச் செல்லக்கூடிய டிரை ஐஸின் உச்ச அளவு 2.5 கிலோ, அதுவும் விமான நிறுவனத்தின் ஒப்புதலோடு, வாயு வெளியேற வழியுள்ள பெட்டியில்தான்.

இப்படி நடந்து உயிர்ப்பலி ஆனதும் உண்டு. 2018-ஆம் ஆண்டு அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், ஐஸ்கிரீம் விநியோகம் செய்யும் ஒருவரின் காரில் டிரை ஐஸ் பெட்டிகள் இருந்தன. அதே காரில் அவருடைய மனைவி மாமியாரை வீட்டில் விடக் கிளம்பினார். வழியில் நின்றிருந்த காருக்குள் மாமியார் இறந்த நிலையிலும், மனைவி உயிருக்குப் போராடிய நிலையிலும் கண்டெடுக்கப்பட்டனர். அவர்களுக்கு எந்த வாசனையும் வந்திருக்காது, எந்தப் புகையும் தெரிந்திருக்காது. இந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை.

எனவே, டிரை ஐஸும் மனிதர்களும் ஒரே கூண்டுக்குள் பயணம் செய்யக் கூடாது. ஓட்டுநர் அறை தனியாகவும் பின்தட்டு திறந்தும் இருக்கும் ‘குட்டி யானை’ வண்டியே இதற்கு ஏற்றது. பெட்டிகளின் மேல் தார்ப்பாய் போட்டு வெயிலை மறைத்துக்கொள்ளலாம். வேறு வழியே இல்லாமல் வேனில் ஏற்றினால், குறைந்த அளவே ஏற்றி, எல்லா ஜன்னல்களையும் இறக்கிவிட்டு, பின்னால் யாரையும் உட்காரவோ படுக்கவோ விடாமல் வாருங்கள். வண்டி நின்றிருந்தால் ஏறுவதற்கு முன் கதவுகளையெல்லாம் சில நிமிடம் திறந்து வையுங்கள். பெட்டியின் மூடியை டேப் ஒட்டி இறுக்கி அடைத்துவிடலாமே என்று தோன்றும். அது மிகத் தவறு. வாயு வெளியேற வழியில்லாத எந்தக் கலமும் வெடிக்கும். பிளாஸ்டிக் பாட்டில், திருகு மூடி போட்ட பிளாஸ்க் போன்றவற்றில் டிரை ஐஸைப் போடவே கூடாது.

மண்டபத்தில் மீந்ததை எங்கே வைப்பீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. ஆனால் அதையும் கேட்க விரும்புகிறேன். மாடிப்படிக்குக் கீழே இருக்கும் அறை, மேடைக்கு அடியில் உள்ள இடம், நிலத்தடிக் கிடங்கு ஆகியவற்றில் வைத்துவிட்டு வேலையாட்கள் அங்கேயே பாய் விரித்துத் தூங்குவதை நான் பார்த்திருக்கிறேன். இந்த வாயு காற்றைவிட ஒன்றரை மடங்கு கனமானது. தாழ்ந்த இடத்தை நோக்கி ஊற்றிய தண்ணீரைப் போலவே இறங்கித் தேங்கும். மீந்த கட்டிகளை வாஷ்பேசினிலோ சாக்கடையிலோ கொட்டாமல், ஆள் நடமாட்டம் இல்லாத திறந்தவெளியில், குழந்தைகள் அணுகாத இடத்தில் விட்டுவிட்டால் தானே ஆவியாகிப் போய்விடும்.

பயிற்சி வகுப்பில் நான் செய்து காட்டும் ஒன்றை நீங்களும் உங்கள் ஆட்களுக்குச் செய்து காட்டலாம். பழைய மீன் தொட்டி ஒன்றில் விரல் உயரம், சாண் உயரம், முழ உயரம் என்று மூன்று மெழுகுவர்த்திகளை ஏற்றி வைத்துவிட்டு, மூலையில் கைப்பிடி அளவு டிரை ஐஸைப் போட்டு அதன்மேல் கொஞ்சம் வெந்நீர் ஊற்றுவேன். வெள்ளைப் புகை தரையோடு தரையாகப் பரவும். முதலில் குட்டை மெழுகுவர்த்தியின் சுடர் நுனியில் மெலிந்து, திரியை விட்டு எழும்பி, பட்டென்று அணையும். நடுவில் இருப்பது இன்னும் சிறிது நேரம் தாக்குப்பிடிக்கும். உயரமானது எரிந்துகொண்டே இருக்கும். சற்றுப் பொறுத்தால் வெள்ளைப் புகை முற்றிலும் கலைந்து தொட்டி பளிங்கு போலத் தெளிந்துவிடும். அப்போது எரியும் தீக்குச்சி ஒன்றைக் கீழே இறக்கினால், ஒன்றும் இல்லாதது போல் தோன்றும் அந்தக் காற்றில் அதுவும் அணைந்துவிடும். பார்த்துக்கொண்டிருப்பவர்கள் அந்த இடத்தில்தான் அமைதியாகிவிடுவார்கள்.

மேடையில் எழும் வெண்புகை கரியமில வாயு அன்று. குளிரில் நீராவி ஒடுங்கி உண்டாகும் நுண்ணிய நீர்த்துளிகளே அது. வாயு கண்ணுக்குத் தெரியாமல் அந்தப் புகைக்குள்ளும், புகை கலைந்த பிறகு அதே இடத்திலும் இருக்கும். உங்கள் இயந்திரம் ஓரிரு நிமிடங்களில் 4 கிலோ டிரை ஐஸை வெந்நீரில் இறக்கினால், இரண்டாயிரம் லிட்டருக்கும் மேற்பட்ட வாயு மேடையில் பரவும். ஆறு மீட்டர் நீளமும் நான்கு மீட்டர் அகலமும் உள்ள மேடையில் அது அரை மீட்டர் உயரத்துக்குள் அடங்கி நின்றால், அந்த அடுக்கில் அதன் பங்கு 15 விழுக்காட்டைத் தாண்டிவிடும். நின்றுகொண்டிருக்கும் மணமக்களின் முகம் அந்த அடுக்குக்கு மேலே இருக்கிறது, அவர்களுக்குத் தீங்கில்லை. விசாலமான மண்டபத்தின் மொத்தக் காற்றோடு கலந்துவிட்டால் அந்த இரண்டாயிரம் லிட்டர் ஒரு பொருட்டே இல்லை. ஆனால் புகைக்குள் மேகத்தில் மிதப்பதாக எண்ணித் தவழும் இரண்டு வயதுக் குழந்தையின் முகம் எங்கே இருக்கிறது? மேடை விளிம்பிலிருந்து அருவி போல வழியும் புகை, முன்வரிசையில் ஜமக்காளத்தில் உட்கார்ந்திருக்கும் சிறுவர்கள் மேல்தானே இறங்குகிறது?

2020 பிப்ரவரியில் மாஸ்கோவில் ஒரு பிறந்தநாள் விழாவில், புகை எழுப்புவதற்காக நீச்சல் குளத்தில் டிரை ஐஸைக் கொட்டினார்கள்; மூன்று பேர் இறந்தார்கள். குளத்தில் இருந்தவரின் முகம் நீர்மட்டத்தை ஒட்டியே இருக்கும், வாயுவும் நீர்மட்டத்தை ஒட்டியே தங்கும் என்பதைக் கூட்டிப் பார்க்க அங்கே யாரும் இல்லை. உங்கள் மேடைக்கு இதிலிருந்து நான் எடுத்துச் சொல்வது ஒன்றுதான்: புகை போடும்போதும், போட்ட பின் பத்து நிமிடங்களுக்கும், மேடையிலும் அதன் முன்புறத்திலும் உங்கள் ஆள் ஒருவர் நின்று குழந்தைகளை விலக்க வேண்டும். மணமக்களைத் தரையில் அமரவோ சாயவோ வைத்துப் படமெடுக்கும் வழக்கம் இருந்தால், புகையோடு சேர்த்து அதைச் செய்ய வேண்டாம். மண்டபத்தின் வாசற்கதவுகளைத் திறந்து வைத்து, தரையை நோக்கிய மின்விசிறி ஒன்றை ஓடவிடச் சொல்லுங்கள்.

குழந்தைகள் கட்டியைக் கையில் எடுக்காமலும் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு கணத்துக்கு மேல் பிடித்தால் தோல் வெந்தது போல உறைந்து கொப்புளிக்கும். நனைந்த துணிக் கையுறை இன்னும் மோசம், அது தோலோடு ஒட்டிக்கொள்ளும். உலர்ந்த, சற்றுத் தளர்வான தோல் கையுறையே சரி. வரவேற்புப் பானத்தில் ‘புகை வரட்டும்’ என்று கட்டியைப் போட்டுத் தருவதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். 2024-ஆம் ஆண்டு மார்ச் மாதம் குருகிராமில் ஓர் உணவகத்தில், சாப்பாட்டுக்குப் பின் வாய் மணப்பதற்கான பொருள் என்று நினைத்து டிரை ஐஸை வாயில் போட்டுக்கொண்ட ஐந்து பேர் இரத்த வாந்தி எடுத்து மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். யாராவது கேட்டாலும் கொடுக்காதீர்கள்.

சோடாவைப் பற்றி உங்கள் அம்மாவிடம் சொல்லிவிடுங்கள்: வெறும் சோடாவில் உள்ள வாயு எலும்பை அரிக்காது. அது வலுவற்ற அமிலம். வயிற்றுக்குள் போன வாயுவில் பெரும்பகுதி ஏப்பமாக வெளியேறுகிறது, மிச்சம் இரத்தத்தில் கலந்து மூச்சில் போய்விடுகிறது. வளர்ந்த ஒருவரின் உடல் ஒரு நாளைக்குத் தானாகவே ஏறத்தாழ ஒரு கிலோ கரியமில வாயுவை உண்டாக்கி வெளியேற்றுகிறது. ஒரு புட்டி சோடா அதன் முன் எம்மாத்திரம்? நெஞ்செரிச்சல் உள்ளவர்கள் மட்டும் குறைத்துக்கொள்வது நல்லது. நிறமும் சர்க்கரையும் சேர்த்த பானங்களைத்தான் உங்கள் அம்மா சொல்வது போலத் தவிர்க்க வேண்டும், ஆனால் அதற்குக் காரணம் வாயு அன்று, சர்க்கரை.

இவ்வளவு பயமுறுத்திவிட்டு இதையும் சொல்லாமல் விட்டால் நியாயமாகாது. இந்த வாயு நமக்குச் செய்யும் நன்மைகள் மிகப் பல. இட்லி மாவு பொங்குவது நுண்ணுயிர்கள் விடும் கரியமில வாயுவால்தான். கோலி சோடாவின் கழுத்தில் கோலியை இறுகப் பிடித்திருப்பதும் அதே வாயுவின் அழுத்தம். நம் வயல்களுக்குப் போகும் யூரியா, அமோனியாவையும் கரியமில வாயுவையும் சேர்த்துச் செய்வது. பித்தப்பை, குடல்வால் முதலியவற்றுக்கு நுண்துளை அறுவை செய்யும்போது மருத்துவர்கள் வயிற்றை ஊதிப் பெரிதாக்க இதையே செலுத்துகிறார்கள். தீப்பற்றாது, இரத்தத்தில் எளிதாகக் கரைந்து மூச்சில் வெளியேறிவிடும் என்பதே காரணம். உங்கள் மண்டபத்தின் மின்பலகைக்குப் பக்கத்தில் கறுப்புக் கூம்பு வாயோடு தொங்கும் தீயணைப்பானிலும் இருப்பது இதுதான். மின்கருவிகளை நனைக்காமல் தீயை அணைக்கும். ஆனால் சின்ன மின்னறைக்குள் அதைப் பீய்ச்சினால் உடனே வெளியே வந்து கதவைத் திறந்துவிட வேண்டும். பீய்ச்சும்போது கூம்பைக் கையால் பிடித்தால் உறைபுண் வரும்.

கிணற்றுக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் எனக்கு மிகுந்த கவலை தந்தது இந்தக் கடைசி வரிதான். நாளிதழ்களில் ‘விஷவாயு தாக்கி’ என்று வரும் செய்திகளில், கழிவுநீர்த் தொட்டியில் நேர்பவற்றுக்குப் பெரும்பாலும் ஹைட்ரஜன் சல்ஃபைடு காரணமாகிறது. பயன்படுத்தாத கிணறுகளிலோ, மட்கும் இலைதழைகளும் மண்ணில் வாழும் நுண்ணுயிர்களும் ஆக்சிஜனைத் தின்றுவிட்டுக் கரியமில வாயுவை விடுவதால், ஒரே நேரத்தில் ஒன்று குறைந்து மற்றொன்று கூடுகிறது. கொங்கு நாட்டின் அகலமான திறந்த கிணறுகளில் காற்றோட்டம் ஓரளவு இருக்கும். உங்களுடையது உறைகிணறு, குறுகலானது, அதற்கு மூடியும் போட்டிருப்பீர்கள். காற்றைவிடக் கனமான வாயு தேங்குவதற்கு அதைவிட வசதியான இடம் கிடையாது.

விளக்கை இறக்கிப் பார்ப்பது அனுபவத்தில் பிறந்த வழக்கம். அது அணைந்தால் இறங்கவே கூடாது. அந்த மட்டும் அப்பா சொல்வது சரி. ஆனால் அணையாவிட்டால் இறங்கலாம் என்பது சரியன்று. சுடர், ஆக்சிஜன் ஏறத்தாழ 16 விழுக்காட்டுக்கு இறங்கும் வரை எரியும். அதற்கு முன்பே கரியமில வாயு மனிதரைச் சாய்க்கும் அளவுக்குச் சேர்ந்திருக்கக் கூடும். மேலும், இறங்கிய ஆள் சேற்றைக் கிளறும்போது அடியில் அடைபட்டிருந்த வாயு புதிதாக எழும். அதை முன்பே இறக்கிய விளக்கு எப்படிச் சொல்லும்? மீத்தேன் இருக்கக்கூடிய கழிவுத்தொட்டிகளில் விளக்கை இறக்குவது வெடிப்புக்கே வழி. சில ஊர்களில் இலைக்கொத்தைக் கயிற்றில் கட்டி ஏற்றி இறக்குவார்கள், தண்ணீரை வாரி இறைப்பார்கள். அது காற்றைக் கொஞ்சம் கலக்கும், போதாது.

செய்ய வேண்டியது இது. மூடியை முந்தின நாளே அகற்றிவிட்டு, ஊதுகுழல் இயந்திரத்தின் அகன்ற குழாயைக் கிணற்றின் அடிவரை இறக்கி, அரை மணி நேரமாவது வெளிக்காற்றைச் செலுத்துங்கள். ஆள் உள்ளே இருக்கும் நேரம் முழுவதும் அது ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். மேலிருந்து மின்விசிறியைக் காட்டுவதால் பயனில்லை. டீசல் என்ஜினைக் கிணற்றுக்குள் இறக்கவோ, அதன் புகைவாயைக் கிணற்றுப் பக்கம் திருப்பி வைக்கவோ கூடாது. இறங்குமுன் வாயு மானியைக் கயிற்றில் கட்டி இறக்கி அளக்க வேண்டும். இங்கே ஓர் எச்சரிக்கை: வாடகைக்குக் கிடைக்கும் வழக்கமான நான்கு வாயு மானி, ஆக்சிஜன், எரிவாயு, கார்பன் மோனாக்சைடு, ஹைட்ரஜன் சல்ஃபைடு ஆகியவற்றைத்தான் அளக்கும். கரியமில வாயுவை அளக்காது. அதற்கான உணர்வி தனியாக உள்ளதா என்று கேட்டு வாங்குங்கள்.

இறங்குபவருக்கு நெஞ்சையும் தொடைகளையும் சேர்த்துப் பிடிக்கும் பாதுகாப்புப் பட்டை போட்டு, அதன் கயிற்றை மேலே மூன்று கால் தாங்கியில் பொருத்திய கப்பியில் கோத்து, இருவர் பிடித்திருக்க வேண்டும். அவர் மூச்சு வாங்குகிறது என்றாலோ, தலை கனக்கிறது என்றாலோ, கூப்பிட்டுப் பதில் வரவில்லை என்றாலோ உடனே இழுத்துவிடுங்கள். யாரும் அவரைத் தூக்க உள்ளே குதிக்காதீர்கள். கிணற்று விபத்துகளில் ஒரே குடும்பத்தில் இரண்டு மூன்று பேர் போய்விடுவதற்குக் காரணம், விழுந்தவரைக் காப்பாற்ற அண்ணனும் தம்பியும் ஒருவர் பின் ஒருவராக இறங்கியதுதான். பாசத்தோடு இறங்கியவரையும் அந்த வாயு அதே இரண்டு மூச்சில் சாய்த்துவிடுகிறது. தீயணைப்பு மீட்புப் பணி வீரர்களிடம் முதுகில் மாட்டும் மூச்சுக் கருவி இருக்கிறது. 101-க்கும், ஆம்புலன்ஸுக்கு 108-க்கும் அழையுங்கள். மேலே கொண்டுவந்தவரைத் திறந்த காற்றில் கிடத்தி, மூச்சு இல்லையென்றால் செயற்கைச் சுவாசமும் நெஞ்சழுத்தமும் தொடங்குங்கள். தெளிந்துவிட்டார் என்று வீட்டுக்கு அழைத்துப் போகாமல், மருத்துவமனையில் ஆக்சிஜன் கொடுத்துக் கவனிக்க வேண்டும். வேனில் மயங்கிக் கிடந்த அந்தப் பையனையும் ஒருமுறை மருத்துவரிடம் காட்டியிருக்க வேண்டும். மறதியோ விடாத தலைவலியோ இப்போதும் இருந்தால் தாமதிக்காமல் காட்டுங்கள்.

இயற்கையிலேயே இது எவ்வளவு பெரிய அளவில் நிகழ முடியும் என்பதை உங்கள் அப்பாவிடம் சொல்லுங்கள். ஆப்பிரிக்காவின் கேமரூன் நாட்டில் நியோஸ் என்ற எரிமலை வாய் ஏரியின் அடிநீரில் கரைந்து கிடந்த கரியமில வாயு, 1986 ஆகஸ்ட் 21 இரவு திடீரென்று பொங்கியெழுந்து மலைச்சரிவில் பள்ளத்தாக்குகளுக்கு வழிந்தது. ஏறத்தாழ 1,700 பேரும் ஆயிரக்கணக்கான கால்நடைகளும் இறந்தனர். தாழ்வான ஊர்களில் இருந்தவர்களே அதிகம் மாண்டார்கள். 2001-இல் அந்த ஏரியின் அடியாழத்துக்குக் குழாய் இறக்கி, வாயுவைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேற்றத் தொடங்கினார்கள். உங்கள் உறைகிணற்றுக்கு நான் சொன்ன ஊதுகுழலைப் போல, அங்கும் ஆழத்தை எட்டும் ஒரு குழாய்தான் தீர்வாக இருந்தது.

கரியமில வாயு மானி ஒன்று உங்கள் தொழிலுக்கே தேவை. வாங்கும்போது, அது குறைந்தது 5 விழுக்காடு வரை, அதாவது பத்து லட்சத்தில் 50,000 பங்கு வரை அளக்கக்கூடியதா என்று பாருங்கள். அலுவலக அறைகளுக்கென விற்கும் சிறு கருவிகள் பல 5,000 பங்கோடு நின்றுவிடும். கிடைத்ததும், ஆள் யாரும் இல்லாத வேனில் இரண்டு கிலோ டிரை ஐஸைப் பெட்டியோடு வைத்து, கருவியை இருக்கையின் அருகே வைத்துவிட்டுக் கதவைச் சாத்தி, அரை மணி நேரம் கழித்துக் கண்ணாடிக்கு வெளியே நின்றபடி எண்ணைப் படியுங்கள். பிறகு கதவுகளையெல்லாம் திறந்துவிட்டு, எத்தனை நிமிடத்தில் அந்த எண் 1,000-க்குக் கீழே இறங்குகிறது என்றும் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு எண்களையும் எனக்கு எழுதி அனுப்பினால், உங்கள் வண்டிக்குப் பொருந்தும் அளவைக் கணக்கிட்டுச் சொல்கிறேன்.